காணி வழக்கறிஞர் செல்வநாயகம்

அன்புள்ள ஐயா,

உங்கள் தளத்தை மூன்று வருடங்களாக வாசிக்கிறேன். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் சிவில் பக்கம் ஜூனியராக இருக்கிறேன். அரசியலில் ஆர்வம் உண்டு. என் சீனியர், "கறுப்புக் கோட்டா கரைவேட்டியா, ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள், இரண்டும் ஒரே கொடியில் காயாது" என்கிறார். போன மாதம் வேறு எதையோ எழுதும்போது, தந்தை செல்வா, அதாவது இலங்கைத் தமிழர் தலைவர் செல்வநாயகம், அடிப்படையில் ஒரு காணி வக்கீல் என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். அதற்குப் பிறகு அவரைப் பற்றித் தேடிப் படித்தேன். எனக்கு ஒன்று விளங்கவில்லை. தமிழர் உரிமைக்காக இலங்கையின் இரண்டு பிரதமர்களோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறார், இரண்டும் நிறைவேறவில்லை. இவ்வளவு பெரிய வழக்கறிஞர், மீறினால் என்ன என்று ஒரு ஷரத்துகூட இல்லாமல் எப்படிக் கையெழுத்துப் போட்டார்? ஒரு கடை வாடகை ஒப்பந்தத்தை நான் அப்படி எழுதிக் கொண்டுபோனால் சீனியர் மூஞ்சியில் விட்டெறிவார். அவர் ஏமாளியா, இல்லை வேறு வழி இல்லையா?

ர., மதுரை

அன்புள்ள ர.,

பத்து நாளாகப் பதில் போடாததற்குச் சோம்பல் பாதிக் காரணம். மீதி என்னவென்றால், இதே கேள்வியை இருபது வயதில் என் அம்மப்பாவிடம், உங்களைவிடக் கோபமாக, கேட்டிருக்கிறேன். அவர் சொன்ன பதில் அப்போது சுத்தமாகப் பிடிக்கவில்லை. இப்போது பாதி பிடிக்கிறது. அந்தப் பாதியைத்தான் எப்படி எழுதுவது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் யாழ்ப்பாணத்தில் காணி வழக்கு என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன், தம்பி. அது தெரியாமல் இந்த மனிதரைப் பிடிபடாது. அம்மப்பாவின் கட்டிலுக்குக் கீழே ஒரு டிரங்குப் பெட்டி இருந்தது. அதற்குள் பழைய வேட்டித் துணியில் சுற்றி உறுதிகள். நீங்கள் பத்திரம் என்பதை நாங்கள் உறுதி என்போம்: சீதன உறுதி, நன்கொடை உறுதி, அறுதி உறுதி. ஒவ்வொன்றிலும் காணியின் பெயர், எத்தனை பரப்பு, நாலு பக்கமும் யார் யாருடைய காணி, கிணற்றில் எட்டில் ஒரு பங்கு, அந்தக் கிணற்றுக்குப் போய்வர வழி, தண்ணீர் வர வாய்க்கால் என்று மூச்சுவிடாமல் ஒரே வாக்கியமாகப் போகும். எல்லை என்பது வேலி. வேலி என்பது வரிசையாக நட்ட கிளுவைக் கதியால், அதாவது துளிர்விட்டு வளரும் கொம்பு. மழைக்காலத்தில் வேலி அடைக்கும்போது பக்கத்து வீட்டுக்காரர் ஒரு கதியாலை அரை அடி இந்தப் பக்கம் நகர்த்தி நட்டுவிட்டால் அதுதான் வழக்கு. எங்கள் வீட்டு வழக்கு பத்தொன்பது வருடம் நடந்தது. பிரக்கிராசி இரண்டு பேர் செத்துப்போனார்கள். (கட்சிக்காரரைக் கண்டு கடதாசி எழுதுபவர் பிரக்கிராசி, கோட்டில் எழும்பி நின்று பேசுபவர் அப்புக்காத்து. எழுபதுகளில் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள், ஆனாலும் கிழவர்கள் கடைசிவரை பிரித்துத்தான் சொன்னார்கள்.)

செல்வநாயகம் இந்த உலகத்து ஆள். கொழும்பில் புதுக்கடை நீதிமன்றங்களில் சிவில் வழக்குகள், அதிலும் மேன்முறையீடுகள்தான் அவரது பிழைப்பு. அவர் ஊர் தெல்லிப்பழை, பிறந்தது மட்டும் 1898-ல் மலாயாவில் ஈப்போ நகரத்தில். சின்னப் பிள்ளையாகத் தாயோடு ஊருக்கு வந்தார், பத்தொன்பது இருபது வயதில் லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரி விஞ்ஞானப் பட்டம் எடுத்துவிட்டார். அப்புறம் கொழும்பில் பாடசாலை வாத்தியார் வேலை. சகோதரன் கடும் சுகவீனம் என்று லீவு கேட்டு அது கிடைக்காமல் வேலையை விட்டுவிட்டுப் போனதாக ஒரு கதை உண்டு, அந்த மனிதரின் பிடிவாதம் தெரிந்தவர்களுக்கு நம்பக் கஷ்டமாக இராது. வாத்தியாராக இருந்துகொண்டே சட்டம் படித்து 1923-ல் அப்புக்காத்து. பிறகு கியூ.சி. பட்டமும் வந்தது, எங்கள் ஆட்கள் அதை இராணி அப்புக்காத்து என்பார்கள். இந்த இடத்தை வேகமாகத் தாண்டிப் போகிறேன், இருபது வருடத்துக்கு மேல் அவர் வழக்குக்கட்டை மட்டுமே பார்த்தார் என்பதுதான் இதில் விஷயம். அரசியலுக்கு வரும்போது வயது நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டது.

அவரை அரசியலுக்குள் இழுத்த ஜி.ஜி. பொன்னம்பலமும் வழக்கறிஞர்தான், ஆனால் கிரிமினல். கொலை வழக்கில் ஜி.ஜி. எழும்பினால் கோட்டுக்கு வெளியே சனம் நிற்கும். நல்ல உயரம், நல்ல சூட்டு, வெண்கலக் குரல், ஜூரியின் கண்ணைப் பார்த்துப் பேசுகிற வித்தை. 1944-ல் தமிழ்க் காங்கிரஸ் கட்சியைத் தொடங்கியவர் அவர். செல்வநாயகம் மெலிந்த ஆள், குரல் வெளியே வராது, பின்னாளில் காதும் மந்தமாகி பார்கின்சன் நோயும் வந்து கை நடுங்கத் தொடங்கிவிட்டது. மேடையில் அவர் மெதுவாகச் சொல்ல, பக்கத்தில் நின்ற ஒருவர் சனத்துக்கு உரத்துச் சொல்வார் என்று அப்பா சொல்லுவார். ஜூரியைக் கவர வேண்டிய தொழிலில் இருந்தவர் ஒருவர், நீதிபதி தனியாக வீட்டில் இருந்து வாசிக்கப்போகிற எழுத்துவாதத்தைச் சரியாக எழுத வேண்டிய தொழிலில் இருந்தவர் மற்றவர். இந்த வித்தியாசம் அவர்களுடைய அரசியலிலும் அப்படியே இறங்கியது என்றுதான் நான் நினைக்கிறேன்.

1947 தேர்தலில் காங்கேசன்துறைத் தொகுதியில் வென்று பாராளுமன்றம் போனார். அடுத்த வருடமே குடியுரிமைச் சட்டம் வந்தது. மலையகத்தில் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக இருந்த தமிழர்களில் பெரும்பாலானவர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள், பிறகு வாக்குரிமையும் போனது. அதே 1948-ல் ஜி.ஜி. அமைச்சரவையில் சேர்ந்தார். செல்வநாயகம் சேரவில்லை. இன்றைக்குத் தோட்டத் தொழிலாளிக்கு நடக்கிறது, நாளைக்கு மொழிப் பிரச்சினை வரும்போது நமக்கும் இதுதான் என்று சபையில் சொன்னார். காங்கேசன்துறையில் இதற்காக ஒரு வாக்குக்கூட அவருக்கு வராது என்பதைக் கவனியுங்கள். கு. வன்னியசிங்கம், டாக்டர் நாகநாதன் முதலானவர்களோடு பிரிந்து போய் 1949 டிசம்பர் 18-ல் கொழும்பு மருதானையில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். 1952 தேர்தலில் தோற்றார். தோற்கடித்த சு. நடேசன், பொன்னம்பலம் இராமநாதனின் மருமகன், சைவர். செல்வநாயகம் புரட்டஸ்தாந்து கிறிஸ்தவர், வேதக்காரனுக்கா வாக்கு என்று அந்தத் தேர்தலில் கேட்டார்கள். அவர் சமயத்தை மாற்றிக்கொள்ளவில்லை, வாக்குக்காகக் கோயிலில் நின்று திருநீறு பூசிப் படம் எடுக்கவும் இல்லை. அதே தொகுதி 1956-ல் அவரைத் திரும்ப அனுப்பியது.

உங்கள் சீனியரின் கோட்டும் வேட்டியும் விஷயத்துக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். எங்கள் இரண்டு நாட்டிலும் 'கட்சிக்காரர்' என்ற ஒரே சொல்லுக்கு இரண்டு அர்த்தம். வழக்கைக் கொண்டுவருபவரும் கட்சிக்காரர், கொடி பிடிப்பவரும் கட்சிக்காரர். செல்வநாயகம் முதல் கட்சிக்காரரிடம் பீஸ் வாங்கி, இரண்டாவது கட்சிக்காரரைக் காப்பாற்றினார். அப்படி இருந்ததால் எந்த முதலாளியிடமும் அவர் கையேந்த வேண்டி வரவில்லை. உங்கள் சீனியர் இந்தப் பக்கத்தை யோசித்துப் பார்த்தாரா தெரியவில்லை.

சரி, ஒப்பந்தத்துக்கு வருவோம்.

1956 ஜூன் 5. சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கும் 'சிங்களம் மட்டும்' சட்டமூலம் சபைக்கு வருகிற நாள். அப்போதைய பாராளுமன்றம் காலிமுகத்திடல் பக்கத்தில், கடற்கரையோரம். தமிழரசுக் கட்சிக்காரர்கள் திடலில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். காடையர்கள் வந்து அடித்தார்கள். கட்சியின் எம்.பி. அமிர்தலிங்கம் தலையில் கட்டோடு சபைக்குள் போனார். சட்டம் நிறைவேறியது. ஆகஸ்டில் திருகோணமலை மாநாட்டில் கட்சி ஒரு தவணை வைத்தது: 1957 ஆகஸ்ட் 20-க்குள் தீர்வு இல்லாவிட்டால் நேரடிப் போராட்டம். வக்கீல் நோட்டீஸ் மாதிரியே இல்லையா? தவணை முடிய மூன்றரை வாரம் இருக்கும்போது, 1957 ஜூலை 26-ல், பிரதமர் பண்டாரநாயக்காவோடு பண்டாரநாயக்கா–செல்வநாயகம் ஒப்பந்தம்.

நீங்கள் கேட்ட ஷரத்து அதில் இல்லைதான். ஆனால் காகிதத்துக்கு வெளியே ஒன்று இருந்தது, அந்த ஆகஸ்ட் 20. மீறினால் சத்தியாக்கிரகம். அவர் கையில் இருந்த ஒரே ஈடு அது. பிழை எங்கே நடந்தது என்றால், ஒப்பந்தம் ஆனவுடனேயே சத்தியாக்கிரகத்தைக் கைவிடுவதாக அவர் அறிவித்துவிட்டார். தமிழர் தரப்பு கொடுக்க வேண்டியதைக் கையோடு கொடுத்தாயிற்று. அரசாங்கம் கொடுக்க வேண்டியதோ இனிமேல்தான் மசோதாவாக எழுதப்பட்டு, சபைக்கு வந்து, வாக்கெடுப்பில் தேற வேண்டும். காசு கைக்கு வருமுன் வீட்டுச் சாவியைக் கொடுத்த கதை. ஒரு சிவில் வக்கீல் இதைச் செய்யலாமா என்று நீங்கள் கேட்டால், கூடாது என்றுதான் நானும் சொல்வேன்.

ஆனால் அந்த ஒப்பந்தத்தை எடுத்து வாசித்துப் பாருங்கள். வட மாகாணத்துக்கு ஒரு பிராந்திய சபை, கிழக்குக்கு இரண்டோ அதற்கு மேலோ, அவை விரும்பினால் மாகாண எல்லை கடந்தும் ஒன்றுசேரலாம். வடக்கிலும் கிழக்கிலும் நிர்வாகம் தமிழில். விவசாயம், கல்வி, சுகாதாரம், மீன்பிடி, வீதி என்று அதிகாரங்களின் பட்டியல். இவையெல்லாம் எந்த அரசியல்வாதியும் கேட்பதுதான். என் கண் போய் நிற்பது காணி என்ற இடத்தில். அரசாங்கம் குடியேற்றத் திட்டத்தில் காணி கொடுக்கும்போது யாருக்குக் கொடுப்பது என்று தெரிவுசெய்யும் அதிகாரம் பிராந்திய சபைக்கு. 1965-ல் டட்லி சேனாநாயக்காவோடு செய்த ஒப்பந்தத்தில் இது இன்னும் கூர்மையாகிறது. முதலில் அந்த மாவட்டத்திலேயே இருக்கும் காணியற்றவர்களுக்கு, பிறகு வடக்கு கிழக்கில் இருக்கும் தமிழ் பேசும் மக்களுக்கு, அதற்குப் பிறகுதான் நாட்டின் மற்றவர்களுக்கு, அதிலும் தமிழருக்கு முன்னுரிமை என்று வரிசை போட்டிருக்கிறார்கள்.

இந்த வரிசையை நான் முன்பே எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று ரொம்ப நாள் உறுத்திக்கொண்டிருந்தது. தேசவழமை! யாழ்ப்பாணத்துத் தமிழருக்கு என்று இருக்கிற சொத்துச் சட்டம், 1707-ல் டச்சுக்காரர் எங்கள் வழக்கங்களைக் கேட்டுத் தொகுத்தது, இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி ஒருவர் தன் பங்குக் காணியை விற்கப்போனால் முதலில் உரித்தாளிக்கும் பங்குகாரருக்கும் அறிவிக்க வேண்டும், அவர்கள் வேண்டாம் என்றால்தான் வெளியாருக்கு விற்கலாம். அறிவிக்காமல் விற்றால் வழக்குப் போட்டுத் திருப்பலாம். எங்கள் டிரங்குப் பெட்டியிலும் அப்படி ஒரு வழக்கின் கட்டு உண்டு. 1965-ன் அந்த வரிசை இந்த முன்கொள்வனவு உரிமையை ஒரு நாட்டின் அளவுக்குப் பெருப்பித்து எழுதியது போலத்தான் எனக்குப் படுகிறது. ஆதாரம் கேட்காதீர்கள், இது என் ஊகம். அவர் ஒரு காணி வக்கீல் என்று அன்றைக்கு எழுதியபோது மனதில் இருந்தது இதுதான். இனப்பிரச்சினை என்று மற்றவர்கள் சொன்னதை அவர் பங்குகாரர்களுக்கு இடையிலான எல்லை வழக்காகப் பார்த்தார். எதிராளி கெட்டவனாக இருக்க வேண்டிய அவசியம் எல்லை வழக்கில் கிடையாது. நாளைக்கும் அதே கிணற்றில் தண்ணீர் அள்ள வேண்டியவர்கள், கோபம் எதற்கு? பண்டாரநாயக்காவை அவர் கடைசிவரை மரியாதையாகத்தான் பேசினார் என்பார்கள், அம்மப்பாவுக்கு அது பெரிய விஷயம், எனக்கு அந்த வயதில் எரிச்சல்.

அந்த ஒப்பந்தம் எப்படிப் போனது என்பதையும் ஒரு வக்கீலாக நீங்கள் கேட்க வேண்டும். 1957 அக்டோபரில் ஐக்கிய தேசியக் கட்சியின் ஜே.ஆர். ஜெயவர்த்தனா அதை எதிர்த்துக் கண்டிக்கு நடைப்பயணம் போனார், வழியில் இம்புல்கொடையில் மறித்துத் திருப்பிவிட்டார்கள். 1958 தொடக்கத்தில் வாகன இலக்கத் தகட்டில் சிங்கள ஸ்ரீ எழுத்து வந்தது, யாழ்ப்பாணத்தில் அதைத் தார் பூசி அழித்தார்கள், தெற்கில் பதிலுக்குத் தமிழ்ப் பெயர்ப்பலகைகளுக்குத் தார். ஏப்ரல் 9 காலை, கொழும்பு ரொஸ்மீட் பிளேசில் பிரதமரின் வீட்டு வாசலில் பிக்குகள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். பிரதமர் வெளியே வந்து, சரி, ஒப்பந்தத்தைக் கைவிடுகிறேன் என்றார். அவர்கள் எழும்பவில்லை. வாய்ப்பேச்சு வேண்டாம், எழுத்தில் தா என்றார்கள். எழுதிக் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் எழும்பிப் போனார்கள்.

எழுத்தின் மதிப்பு தெரிந்தவர் செல்வநாயகம் ஒருவர் மட்டும்தான் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம், பாருங்கள்!

மே மாதம் கலவரம். தமிழரசுக் கட்சி தடைசெய்யப்பட்டது, தலைவர்கள் தடுப்புக்காவலில். அடுத்த வருடம் பண்டாரநாயக்கா ஒரு பிக்குவின் துப்பாக்கியால் செத்தார். 1961-ல் யாழ்ப்பாணக் கச்சேரி வாசலில் வாரக்கணக்கில் சத்தியாக்கிரகம் நடந்தது (உங்கள் ஊர்க் கச்சேரி இல்லை, மாவட்ட அரசாங்க அலுவலகம்). கட்சி தானே தபால் முத்திரை அடித்துத் தபால் சேவை நடத்தியது, அவசரகாலச் சட்டம் வந்தது, அறுபத்துமூன்று வயதில் பனாகொடை முகாமில் அவர் அடைபட்டார். இவ்வளவுக்குப் பிறகும் 1965 மார்ச் 24-ல் டட்லியோடு இன்னொரு கையெழுத்து. அந்த முறை டட்லியிடம் அறுதிப் பெரும்பான்மை இல்லை, தமிழரசுக் கட்சியிடம் 14 ஆசனம். இவர்கள் ஆதரவைக் கொடுத்தார்கள், அரசாங்கம் அமைந்தது. தமிழரசுக் கட்சி சார்பில் மு. திருச்செல்வம் செனட் வழியாக அமைச்சரானார். தமிழ்மொழி ஒழுங்குவிதிகள் 1966-ல் வந்தன. மாவட்ட சபைகள் மசோதா 1968-ல் வெள்ளை அறிக்கையோடு நின்றது, டட்லி தன் கட்சிக்குள்ளேயே அதைத் தள்ள முடியவில்லை. திரும்பவும் சாவி முதலில், காசு பிறகு. ஒரு தடவை செய்தால் தவறு என்று விடலாம், அதே தவறை எட்டு வருடம் கழித்து அதே ஆள் செய்தால்? அதோடு இந்த இரண்டாவது காகிதத்தைப் பகிரங்கப்படுத்தாமல் வைத்திருந்தார்கள். ஊருக்குத் தெரியாத உறுதிக்கு என்ன பெறுமதி?

அம்மப்பாவின் பதிலை இங்கே சொல்கிறேன். "அவருக்குத் தெரியாதென்றா நினைக்கிறாய்? கோட்டில் போடுவதற்கு ஒரு ஒப்புதல் வேண்டாமா?" என்றார். எதிராளி தன் கையால் எழுதித் தந்த ஒப்புதலைவிடப் பெரிய சாட்சி சிவில் வழக்கில் இல்லை. ஒரு பிரதமர் இல்லை, எதிரெதிர்க் கட்சிகளைச் சேர்ந்த இரண்டு பிரதமர்கள், தமிழருக்கு வடக்கு கிழக்கில் நிர்வாகமும் காணியும் பற்றி உரித்து இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்கள், அது போதும், வழக்கு என்றைக்கோ ஒருநாள் எடுபடும் என்பது அவர் கணக்கு. நான் கேட்டேன், எந்தக் கோட்டில்? அம்மப்பா பாக்குவெட்டியைத் தேடத் தொடங்கிவிட்டார்.

அந்தக் கேள்விக்கு ஒரு காலத்தில் பதில் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். சுதந்திரத்தோடு வந்த சோல்பரி அரசியலமைப்பில் 29-ஆம் பிரிவு ஒன்று இருந்தது, ஒரு சமூகத்தை மட்டும் பாதிக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் செய்ய முடியாது என்று. மேலே, கடைசி மேன்முறையீட்டுக்கு, லண்டனில் பிரிவி கவுன்சில். கோடீஸ்வரன் என்ற அரசாங்க எழுதுவினைஞர் சிங்களப் பரீட்சை எழுத மறுத்ததற்குச் சம்பள உயர்வை நிறுத்தினார்கள், அவர் வழக்குப் போட்டார். 1964-ல் கொழும்பு மாவட்ட நீதிபதி சிங்களம் மட்டும் சட்டமே செல்லாது என்றார். உச்ச நீதிமன்றம், அரசாங்க ஊழியர் சம்பளத்துக்கு வழக்கே போட முடியாது என்று அதைப் புரட்டியது. பிரிவி கவுன்சில் 1969-ல், போடலாம், திரும்ப விசாரியுங்கள் என்றது. அதற்குள் பிரிவி கவுன்சிலுக்குப் போகும் வழியை அரசாங்கம் சட்டம் போட்டு அடைத்தது, 1972-ல் குடியரசு அரசியலமைப்பு வந்தபோது 29-ஆம் பிரிவும் போய்விட்டது. எதிராளியே சபை, எதிராளியே சட்டம் எழுதுபவர், கடைசியில் கோட்டின் வாசற்படியையும் எதிராளி பெயர்த்துக்கொண்டு போனால் காணி வக்கீல் என்ன செய்வார்?

செல்வநாயகம் செய்தது, 1972 அக்டோபர் 3-ல் எழும்பித் தன் ஆசனத்தைத் துறந்தார். இந்த அரசியலமைப்பைத் தமிழர்கள் ஏற்கிறார்களா என்பதை என் தொகுதியில் தேர்தல் வைத்துப் பாருங்கள் என்றார். இது நல்ல வக்கீல் வேலை, பிரச்சினையை ஒரே ஒரு வினாவாகச் சுருக்கிவிட்டார். அரசாங்கம் இடைத்தேர்தலை இரண்டு வருடத்துக்கு மேல் இழுத்தது. 1975 பிப்ரவரி 6-ல் நடந்தபோது பதினாறாயிரத்துக்கு மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்றார். அப்பா அன்றைக்குச் சைக்கிள் பாரில் என்னை வைத்துத் தெல்லிப்பழைச் சந்திவரை கூட்டிக்கொண்டு போனார். எனக்கு நினைவிருப்பது வெடிச்சத்தமும், யாரோ வாங்கித் தந்த நன்னாரி சர்பத்தும்தான், பெரியவரைப் பார்த்ததாக நினைவில்லை. பார்த்தேன் என்று எழுத ஆசைதான். அடுத்த வருடம் மே 14-ல் வட்டுக்கோட்டைத் தொகுதியின் பண்ணாகத்தில் தனிநாட்டுத் தீர்மானம், அவர் தலைமையில். பிராந்திய சபையில் தொடங்கி அங்கே வந்து நின்றார்.

அவரைக் குறைசொல்ல வேண்டிய இன்னொரு இடத்தை விட்டுவிட்டு இந்தப் பதிலை முடித்தால் அது கட்சிப் பிரசுரமாகிவிடும். 1968-ல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் போகவிடு என்று ஒடுக்கப்பட்ட சாதியார் போராடினார்கள், அடிவாங்கினார்கள். மாவிட்டபுரம் அவரது தொகுதிக்குள்ளேயே இருக்கிறது. முன்னால் நின்றவர்கள் இடதுசாரிகள், தமிழரசுக் கட்சி முன்வரிசையில் இல்லை. அவர் வேதக்காரர், கோயில் விஷயத்தில் எப்படித் தலையிடுவார் என்று சமாதானம் சொல்வார்கள். தலைமுறை தலைமுறையாக ஊருக்குள் நடந்துகொண்டிருந்த எல்லை வழக்கு அது. அந்தக் கட்டை அவர் அவிழ்க்கவில்லை. அம்மப்பாவிடம் இதைக் கேட்டிருந்தால் பாக்குவெட்டி அன்றைக்கு முழுக்கக் கிடைத்திருக்காது.

அவரது வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி தேர்தல் மேடையிலோ ஒப்பந்த மேசையிலோ இல்லை. 1976 மே மாதம் அமிர்தலிங்கமும் வேறு சிலரும் துண்டுப்பிரசுரம் கொடுத்ததற்காகக் கைதானார்கள். ஜூரி இல்லாமல் நீதிபதிகள் குழு விசாரிக்கும் 'ட்ரயல் அட் பார்' வழக்கு, கொழும்பில். அறுபதுக்கு மேற்பட்ட தமிழ் வழக்கறிஞர்கள் குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் தரப்புக்கு வந்து உட்கார்ந்தார்கள். வாதாடியவர்களில் ஜி.ஜி. பொன்னம்பலம் ஒருவர், திருச்செல்வம் ஒருவர். 1949-லிருந்து ஒருவரையொருவர் தேர்தலுக்குத் தேர்தல் கிழித்துக்கொண்டிருந்த ஜி.ஜி.யும் செல்வநாயகமும் ஒரே தரப்பில், கறுப்பு அங்கியோடு. செல்வநாயகத்துக்கு அப்போது எழுபத்தெட்டு வயது. காது கேட்காது. கை நடுங்கும். புதுக்கடையில் தொடங்கியவர் திரும்பவும் ஒரு கோட்டு வாங்கில் வந்து உட்கார்ந்திருக்கிறார். அந்த நவம்பரில் திருச்செல்வம் போனார், 1977 பிப்ரவரியில் ஜி.ஜி., ஏப்ரல் 26-ல் செல்வநாயகம். ஆறு மாதத்துக்குள் மூன்று பேரும். ஜூலையில் நடந்த தேர்தலில் அவர் தொடங்கிவைத்த தமிழர் விடுதலைக் கூட்டணி 18 ஆசனம் வென்று, அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும்.

ஆக, ஏமாளியா என்ற உங்கள் கேள்விக்கு, இல்லை. கெட்டிக்கார வக்கீல், பழகிய கோட்டின் விதிகளை அவை இல்லாத இடத்திலும் கடைப்பிடித்தவர். சாவியை முன்கூட்டிக் கொடுத்ததற்கு மட்டும் நான் அவரை மன்னிக்கவில்லை. நீங்கள் அரசியலுக்குப் போவதா என்று என்னிடம் கேட்காதீர்கள், போனாலும் பிராக்டிஸை விடாதீர்கள் என்று மட்டும் சொல்வேன்.

எங்கள் பத்தொன்பது வருட வழக்கின் காணி என்ன ஆனது என்று கேட்பீர்கள். 1990-ல் சனம் இடம்பெயர்ந்த பிறகு வலிகாமம் வடக்கில் பெரும்பகுதி உயர் பாதுகாப்பு வலயம் ஆனது, எங்கள் காணியும் அதற்குள். கால் நூற்றாண்டுக்கு மேல் கழித்து விட்டபோது நான் போய்ப் பார்த்தேன். வீடு இல்லை, கிணறு தூர்ந்து கிடந்தது. எல்லையில் கதியால்கள் மட்டும் மரமாகி, வரிசை பிசகாமல் நின்றன, அரை அடி தள்ளி நட்ட அந்தக் கதியால் உட்பட. இப்போது பங்கு பிரிக்கிறோம். பங்குகாரர்கள் ஐந்து பேர். நாலு பேரின் கையெழுத்து வந்துவிட்டது, பாரிஸிலிருந்தும் லண்டனிலிருந்தும்கூட. ஐந்தாமவர் டொரன்டோவில் இருக்கிறார், வாட்ஸ்அப்பில் இரண்டு நீலக்கோடும் விழுந்திருக்கிறது, பதில்தான் இல்லை.